9900 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம்

தம்பி, பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும், 9900 எம்ஏஎச் கொள்ளளவு என்று அச்சிட்ட 18650 பேட்டரியைப் போட்டால் பெரிய டார்ச்சும் விடிய விடிய எரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 18650 என்பது வெறும் அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்பில் நல்ல நிறுவனங்கள் அடைப்பதே 3500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் இருக்கும்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் வாங்கி வந்ததை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 30 கிராம்கூட இல்லை. நல்ல பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்கும்.

அப்புறம், பேட்டரி தொடர்ந்து எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் தரும் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. பெரிய டார்ச்சுக்கு அதுதான் உயிர். 10 ஆம்பியர் இழுக்கும் விளக்கில் 5 ஆம்பியர் பேட்டரியைப் போட்டால் அது கொதிக்கும். இறுக மூடிய குழாய்க்குள் வாயு சேர்ந்தால் வெடிக்கவும் செய்யும். இரண்டு பேட்டரி வரிசையாகப் போடும் டார்ச்சில் பழசையும் புதுசையும் கலக்கவே கூடாது. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் இந்த விளக்கை நெற்றியில் கட்டிக்கொள்கிறார்கள், தம்பி. பேட்டரியின் மேல் உறை கிழிந்திருந்தாலும் போடாதீர்கள். சார்ஜர் 4.2 வோல்ட்டில் தானாக நிற்க வேண்டும். பாதுகாப்புச் சுற்று (அளவு மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் சின்னத் தகடு) உள்ள பேட்டரி சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், டார்ச்சுக்குள் நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள்.