ரோசி என்ற பெயரை ஏன் மாற்றினோம்

வளர்ந்த நாயை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அதன் பெயரை மாற்றுவது பாவம் என்றும், பழகிய பெயரைப் பறித்தால் அது ஏங்கிப் போய்விடும் என்றும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் பலர் நம்புகிறார்கள். தோட்டத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போகும்போது, அங்கே பெரும்பாலும் நாய் வளர்க்க விடமாட்டார்கள் என்பதால், நாய்கள்தான் பின்தங்கிவிடுகின்றன. அப்படிக் கைமாறி வருபவை குட்டிகள் அல்ல. நான்கைந்து வயதைக் கடந்து, ஏற்கெனவே ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியவை. என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்: பெயரைத் தாராளமாக மாற்றலாம், சில நாய்களுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

எங்களிடம் வந்த கறுப்புப் பெட்டை நாயின் பெயர் ரோசி என்று முந்தைய வீட்டார் சொன்னார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அது காதுகளைப் பின்னால் மடித்து, நாக்கால் மூக்கைத் துழாவி, வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். எவ்வளவு குழைந்து கூப்பிட்டாலும் அதே கதைதான். பெயரைச் சொல்லாமல் சும்மா ‘ச்சு ச்சு’ என்று அழைத்தாலோ வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். முந்தைய வீட்டாரைக் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. கோழியைத் துரத்தினால் ‘ரோசி!’, குப்பையைக் கிளறினால் ‘ரோசி!’, சங்கிலியில் கட்ட வேண்டுமானால் ‘ரோசி!’ என்று பெயரையே அதட்டலாக்கிவிடுவது நம் வீடுகள் பலவற்றிலும் நடப்பதுதான். சோறு வைக்கும்போது மட்டும் யாரும் பெயரைச் சொல்வதில்லை. தட்டுச் சத்தம் கேட்டாலே வந்துவிடுமே என்று விட்டுவிடுகிறோம். ஆக, நல்லது நடக்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு, கெட்டது நடக்கும்போது மட்டும் பெயரை உரக்கச் சொல்லி வளர்த்த நாயிடம், அந்தப் பெயர் மீது பாசம் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

பெயரில் குலதெய்வத்தையும் நட்சத்திரத்தையும் பாட்டியின் நினைவையும் ஏற்றி வைப்பது மனிதர்கள். நாய்க்கு அது ஓர் ஒலியும், அந்த ஒலிக்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் மட்டுமே. அந்த எதிர்பார்ப்பு அச்சமாக உறைந்துவிட்டால், அதைத் திருத்த மெனக்கெடுவதைவிடப் பழுதில்லாத புதிய ஒலி ஒன்றைக் கொடுப்பது எளிது.

ஒரு பெயருக்குப் பழகிய நாய் புதுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளாது என்பதும் வெறும் பேச்சு. அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி இன நாய், மூன்று ஆண்டுப் பயிற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களைப் பிரித்தறியக் கற்றதை, அதைப் பழக்கிய உளவியலாளர் ஜான் பில்லி 2011இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். எல்லா நாயும் சேசராகிவிடாதுதான். ஆனால் நாம் கேட்பது ஆயிரம் சொற்களையா? ஒன்றே ஒன்றைத்தானே! அந்த ஒன்று நன்றாகப் பதிந்துவிட்டால் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு மேரிலாந்து பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம்: பின்னணியில் பலர் பேசும் இரைச்சல், அழைப்பவரின் குரலுக்குச் சமமாக இருந்தபோதும் நாய்கள் தங்கள் பெயரை வேறொரு பெயரிலிருந்து பிரித்து உணர்ந்தன.

பலர் தடுமாறுவது மாற்றும் முறையில்தான். பழைய பெயருக்கு நாய் மகிழ்ச்சியோடு ஓடி வருகிறது, ஆனால் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே பெயர் என்பதால் மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், புதுப் பெயரை முதலில் சொல்லி, உடனே பழைய பெயரைச் சொல்ல வேண்டும். இந்த வரிசை மிக முக்கியம். பழையதை முன்னால் சொன்னால் நாய் அதற்கே திரும்பிவிடும். பின்னால் வரும் சொல்லைக் கவனிக்க அதற்கு ஒரு காரணமும் இருக்காது. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் சோதனை நாய்களுக்கும் ஒலி முன்னால் வந்து, உணவு பின்னால் வந்ததால்தான் ஒலியைக் கேட்டதும் எச்சில் ஊறியது. நாள் செல்லச் செல்லப் பழைய பெயரைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடலாம்.

ஆனால் எங்கள் நாயைப் போலப் பழைய பெயரே கெட்டுப்போயிருந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லவே கூடாது. அச்சம் புதிய பெயருக்கும் தொற்றிக்கொள்ளும். நாங்கள் ‘ரோசி’யை அடியோடு விட்டுவிட்டோம். கோழி ஈரலை அவித்துச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு முறை ‘மைனா’ என்று சொல்வோம். தலை திரும்பிய அந்தக் கணத்திலேயே ஒரு துண்டு அதன் வாய்க்குப் போய்விடும். திரும்பாவிட்டால் மறுபடி மறுபடி கூவாமல், சற்றுப் பொறுத்து, இன்னும் கிட்டே போய்ச் சொல்வோம். தொடக்கத்தில் ‘வா’, ‘உட்கார்’ என்று எந்த வேலையும் வாங்கவில்லை. ஓரிரு வாரங்களில், வாசலில் லாரி உறுமிக்கொண்டு போகும்போதும் அது திரும்பிப் பார்க்கத் தொடங்கியது.

புதுப் பெயரைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் யோசனை தேவை. தூரத்திலிருந்து கூப்பிடும்போது கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுவது நம் வழக்கம். ஆகவே உயிரோசையில் முடிகிற, இழுத்தாலும் உருமாறாத சிறு பெயர்தான் நல்லது. ‘வா’ என்பதற்கு வரப் பழக்கிக்கொண்டே வாசு என்றும், ‘போ’ என்று விரட்டிக்கொண்டே போலோ என்றும் பெயர் வைத்தால் நாய் குழம்பாமல் என்ன செய்யும்? வீட்டில் ஒருவர் ‘மைனாக்குட்டி’, இன்னொருவர் ‘மைனு’, மூன்றாமவர் ‘ஏய் கறுப்பி’ என்று ஆளுக்கொன்றாக அழைப்பதையும் முதல் சில வாரங்களுக்காவது நிறுத்தி வைக்க வேண்டும். மாதத்துக்கொரு பெயர் என்று ஆசைப்படுகிறவர்கள் தங்கள் கைப்பேசிக்குப் பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

“பைரவர் வாகனத்துக்குப் பேர மாத்துறது நல்லதில்லம்மா” என்றார் என் மாமியார். “பைரவர் ஒன்னும் பேர்ப்பதிவு ஆபிஸ் வெக்கலியே அத்தை” என்றேன், சிரித்துவிட்டார். ஊருக்கே பெயர் மாறிய இடம் இது. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது. எங்கள் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள், இளையவர்கள் புதியதைச் சொல்கிறார்கள், இரு சாராரும் ஒரே கடையில்தான் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். மாமியாரும் இப்போது தயக்கமில்லாமல் மைனா என்றுதான் அழைக்கிறார்.

புதிய பெயரையும் நாம் பழையபடி கெடுக்காமல் இருப்பதுதான் கடினமான பகுதி. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, நகம் வெட்ட, இரவில் கட்டிப் போட என்று பிடிக்காத காரியம் எதற்கும் பெயரைச் சொல்லி அழைக்காதீர்கள். நீங்களே அதனிடம் நடந்து போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தவறு செய்யும்போது அதட்ட ‘ஏய்’ போதும்.

நகராண்மைக் கழகத்தில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும், கால்நடை மருத்துவரின் தடுப்பூசி அட்டையிலும் புதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள். நுண்சில்லு (மைக்ரோசிப்) பொருத்தியிருந்தால் அதில் பதிவாகியுள்ள தொலைபேசி எண் முந்தைய வீட்டாருடையதாக இருக்கலாம், மாற்றிவிடுங்கள். பழைய தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் கைமாறிய நாய் கதவு திறந்திருந்தால் ஓடிப்போவது பெரும்பாலும் அந்தப் பழைய லயத்து வீட்டுக்குத்தான், அங்கே அதை ரோசி என்றுதான் தெரியும். எங்கள் மைனாவின் கழுத்துப் பட்டையில் பெயரே பொறிக்கவில்லை. கைப்பேசி எண் மட்டும்தான் இருக்கிறது.