அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் என்ன?

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார், 'லே மிசரபிள்' இசை நாடகத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். ஆளாளுக்கு அறிவுரை. "மூணு மணி நேரம் பாவம் என்ன பண்ணுவாங்க?", "'லண்டன் ஐ' ராட்டினத்தைக் காட்டினாப் போதும்." ஒருவர் ஒருபடி மேலே போய், "நமக்கெல்லாம் இந்த மியூசிக்கல் பழக்கமே கிடையாது, சாகும்போது பாட்டுப் பாடினா அவங்க சிரிச்சிடுவாங்க" என்றார். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

அத்தை மணப்பாறைப் பக்கம். திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய 'வள்ளி திருமணம்' பார்த்து வளர்ந்தவர். சாகும்போது என்ன, அங்கே வழி கேட்பதற்கே பாட்டுதான்.

வெம்ப்ளியில் ரயிலேறியதும் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வில்ஸ்டன் ஜங்ஷன் வருவதற்குள் தூங்கிவிட்டார். சரி, பட்ட பாடு படட்டும் என்று விட்டுவிட்டேன். நேஷனல் கேலரியில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்துக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. எட்டிப் பார்த்துவிட்டு, "பாதிப் பூ வாடிப்போயில்ல இருக்கு" என்றார். உண்மைதான், வாடித்தான் இருக்கிறது. நான்தான் இத்தனை வருடம் கவனிக்கவில்லை. டிரஃபால்கர் சதுக்கத்துப் படியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். புறாவுக்கு ஒரு பிடி போடப் போனவரைத் தடுத்தேன். 2003 முதல் அங்கே புறாவுக்குத் தீனி போடத் தடை. "புறாவுக்குச் சோறு போட்டாக் குத்தமா?" என்று டப்பாவை மூடியவர், ராத்திரி வரை அதை மறக்கவில்லை.

ஏழரைக்கு நாடகம். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் சோண்டைம் தியேட்டர். எங்கள் பட்ஜெட்டுக்கு மேல் மாடிதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "பெட்டிக்காரர் எங்கம்மா?" ஊர் நாடகத்தில் ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்திலேயே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி இருப்பார். பின்பாட்டும் பாடுவார், பபூனோடு மல்லுக்கும் நிற்பார். இங்கே வாத்தியக்காரர்கள் எல்லாரும் மேடைக்கு முன்னால் பள்ளத்தில். அத்தைக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வாசிக்கிறவங்கள எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?"

பாதிரியார் வெள்ளி விளக்குத்தண்டுகளைத் திருடியவனுக்கே தூக்கிக் கொடுக்கும் இடம் வந்தது. முழங்கையால் ஓர் இடி. "ஏம்மா, இது நாகையா படம்ல?" இல்லை அத்தை, இது பிரெஞ்சுக் கதை என்று கிசுகிசுத்தேன். "ஜாவர் சீதாராமன் இப்ப வருவாரு பாரு" என்றார். வந்தார், இன்ஸ்பெக்டர் ஜாவர்! இடைவேளையில் போனைத் தட்டிப் பார்த்தால், 1950இல் வந்த 'ஏழை படும் பாடு'. சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய இதே விக்டர் யூகோ நாவல்தான். அந்த இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியதால்தான் சீதாராமன் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். நான் அதை ஏதோ ஊர்ப்பெயர் என்றே நினைத்திருந்தேன். குழுவில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

முதல் பாதி முடிவில் ஆளுக்கொரு வரியை ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். இங்கிலீஷில் எம்.ஏ. படித்த எனக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை. அத்தையோ, "ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கவலையச் சொல்றாங்க, விடிஞ்சா சண்டை" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

1985இல் லண்டனில் தொடங்கிய இந்த நாடகத்தில் எந்த நொடியில் எந்த விளக்கு என்பதுகூடத் தீர்மானமான ஒன்று. எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரிதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், ஆனாலும் வள்ளியும் நாரதரும் மணிக்கணக்காகத் தர்க்கம் செய்வார்கள். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டு அத்தனை பேருக்கும் மனப்பாடம் என்பதால் நடக்கிற காரியம். இதையெல்லாம் 'கிராமத்துக் கூத்து' என்று ஒதுக்கிவிட்டு, நமக்கு மியூசிக்கல் பழக்கமில்லை என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். அதற்காக லண்டன்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேல் மாடிக் கடைசி வரிசையிலும் ஒரு மூச்சு பிசகாமல் கேட்டது.

தடுப்பரணில் அந்தச் சின்னப் பையன் பாடிக்கொண்டே குண்டடிபட்டு விழுந்தபோது, அத்தை சிரிக்கவில்லை. சுருக்குப்பையைத் திறந்தார். "அந்தப் பையனுக்கு எதாச்சும் குடுக்கணும், எங்க குடுக்கிறது?" ஊரில் நடிகருக்கு அன்பளிப்பு கொடுத்தால் நாடகத்தை நிறுத்தி, மைக்கில் இன்னார் இத்தனை ரூபாய் என்று பேர் சொல்வார்கள். இங்கே அப்படி இல்லை அத்தை என்றேன். பத்து பவுன் நோட்டை நாலாக மடித்து, விபூதிப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பிக்கடில்லி சர்க்கஸ் ஸ்டேஷன் நடைபாதையில் ஒரு பையன் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். நேராகப் போய் அந்த நோட்டை அவன் பெட்டியில் போட்டார். அவன் தலையாட்டிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தான். கடைசி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததுதான், ஆனாலும் வாங்க அத்தை என்று கையைப் பிடித்தேன். அசையவில்லை.

"இரும்மா, இன்னும் பேர் சொல்லல."