பழைய கார் என்றால் ரீகால் கிடையாதா?

ரீகால் என்றால், பழுதுள்ள கார்களைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது. "அமெரிக்காவில் பத்து வருஷம் தாண்டிய காருக்கு ரீகால் செல்லாது, காசு கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பத்து வருஷ வரம்பு பழைய கதை. 2015-இல் வந்த சட்டம் அதைப் பதினைந்தாக்கியது. அந்தப் பதினைந்தும் முதல் உரிமையாளர் வாங்கிய நாளிலிருந்து ரீகால் அறிவிப்பு வரும் நாள் வரைக்கும்தான். பட்டறைக்கு நீங்கள் போகும் நாள் வரைக்கும் அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் இலவசமே.

"அரசு விசாரிக்கவில்லை, அதனால் பழுதில்லை" என்பதும் பொய். 2005 மாடல் செவ்ரோலெட் கோபால்ட்டை 2007-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸா (NHTSA) விசாரிக்க மறுத்தது. சாவி போட்டுத் திருப்பும் இக்னிஷன் சுவிட்சில் இருந்த பழுதுக்காக 2014-இல் அதே கார் ரீகாலானது.

ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான, எழுத்தும் எண்ணும் கலந்து பதினேழு இடங்கள் கொண்ட வின் (VIN) எண்ணை நிட்ஸா தளத்தில் போட்டால் சரிசெய்யாத ரீகால்கள் தெரியும்.