ஆறு நிமிடம் இல்லையாம்

நான் படித்த கடற்கரை ஊர் கிறிஸ்தவப் பள்ளியின் பவள விழா வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டிரோன் விட்டு எடுத்தது. புது நாலு மாடிக் கட்டடம், செயற்கைப் புல் போட்ட மைதானம், கடல் தெரிகிற மாதிரி கண்ணாடி வைத்த ஆடிட்டோரியம். நன்றாகத்தான் இருக்கிறது. நானும் லைக் போட்டேன், நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். மறுநாள் வந்த இன்னொரு வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் ரோஸ் பவுடரோடு ஒரு பிள்ளை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து அழுவது. அதைப் பற்றி ஏற்கெனவே சின்னதாக ஒரு பதிவு போட்டேன், ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. பள்ளிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு அரிதாரம் போட்டு உட்கார வைத்த தமிழ் வழிப் பிள்ளைகளை, ராத்திரி ஒன்பதரைக்கு, "நேரமில்லைம்மா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் ஆட இருந்தது கரைவலை இழுக்கிற பாட்டு. மொத்தமே ஆறு நிமிடம்.

நேரம் எங்கே போனது? சிறப்பு விருந்தினர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். 1542இல் சவேரியார் மிஷனரியாக முத்துக்குளித்துறைக்கு வந்ததில் தொடங்கினார். 1693இல் ஓரியூரில் அருளானந்தர் என்ற மிஷனரி ரத்தம் சிந்தியதற்கு வந்தார். அங்கிருந்து ராமநாதபுரம் போய், சுவார்ட்ஸ் பள்ளியில் அப்துல் கலாம் படித்ததைச் சொல்லி, கிறிஸ்தவக் கல்விப் பணியின் பெருமையை விளக்கினார். அத்தனையும் உண்மை, கைதட்டினோம். நாலு நூற்றாண்டுக்கு நேரம் இருந்தது. ஆறு நிமிடத்துக்கு இல்லை.

அதிலும் கலாமை இழுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கலாம் யார் வீட்டுப் பிள்ளை? ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவர் மகன். ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு, மேலே படிக்க வீட்டை விட்டு ராமநாதபுரம் வந்த பையன். அங்கே அய்யாதுரை சாலமன் என்ற வாத்தியார் தன்னை எப்படித் தூக்கிவிட்டார் என்று கலாமே எழுதியிருக்கிறார். படகுக்காரர் மகனை மேடையில் கொண்டாடிவிட்டு, படகுக்காரர்களின் பிள்ளைகளை மேடைக்குப் பின்னால் ஆறரை மணி நேரம் உட்கார வைக்க எப்படி மனசு வருகிறது? அந்தப் பையன் அன்றைக்கு நம் பள்ளியில் தமிழ் வழியில் இருந்திருந்தால் அவனும் பவுடரைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போயிருப்பான்.

"நிகழ்ச்சி நீண்டுவிட்டால் ஏதாவது ஒன்றைக் குறைக்கத்தானே வேண்டும்?" என்று கேட்கிறார்கள். குறைக்கலாமே. வாழ்த்துரை ஏழு பேர். ஏழு பேரும் "நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக" என்றுதான் ஆரம்பித்தார்கள், ஒருத்தரும் சுருக்கவில்லை. ஆங்கில வழிப் பிரிவின் நடனம் மட்டும் மூன்று, அப்புறம் உலக நாடுகளின் உடை அணிவகுப்பு. ஜப்பான்காரர் உடைக்கு நேரம் இருந்தது. நம் கரையில் வலை இழுக்கிற பாட்டுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆசையாக ஆடினார்கள், அழகாக ஆடினார்கள். பட்டியலைப் போட்டவர் மேல்தான் கோபம். கையில் பேனாவை வைத்துக்கொண்டு எதை அடிக்கலாம் என்று பார்த்தபோது, அவர் பேனா ஏன் நேராக அந்த ஒரு வரிக்குப் போனது? யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். அதுதான் விஷயம், வேறு ஒன்றுமில்லை.

அந்த வீடியோவில் சுவரில் சாய்த்து வைத்த துடுப்புகள் தெரிகின்றன, கவனித்தீர்களா? அட்டையில் வெட்டி, சாக்லேட் கலர் பெயிண்ட் அடித்தது. வலை மட்டும் அட்டை இல்லை, நிஜ வலை. ஒரு பிள்ளையின் தாத்தா தன் பழைய வலையில் கிழியாத பாகமாகப் பார்த்து வெட்டி, பிள்ளைகள் கால் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஓரத்தை மடித்துப் பின்னிக் கொடுத்திருக்கிறார். ஈயக்குண்டு இருந்தால் காலில் இடிக்கும் என்று அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புன்னைக்காயைக் கட்டியிருக்கிறார். மேடையில் விரித்தால் நிஜமாகவே குண்டு கட்டிய மாதிரித் தெரியும். அந்த மனுஷன் முதல் வரிசையில் உட்காரவில்லை, முதல் வரிசை யாருக்கு என்று நமக்குத் தெரியாதா. பந்தல் கடைசியில் நின்றுகொண்டே இருந்தார். பேத்தி எப்போது வருவாள் என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார். "அடுத்தது அதுதான் பெரியப்பா" என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

டிரஸ் வாடகை ஒரு பிள்ளைக்கு 350 ரூபாய். கட்டியது அம்மாக்கள். அதில் பாதிப் பேர் பாசி எடுக்கப் போகிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பிய்க்கிற கைக்கு 350 ரூபாய் என்றால் என்ன என்று முதல் வரிசைக்குத் தெரியாமல் இருக்கலாம். கடலுக்குப் போகிற நாளை விட்டுவிட்டு விழாவுக்கு வந்திருந்தார்கள். காலையில் டிரஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆடினாலும் ஆடாவிட்டாலும் கடைக்காரருக்கு வாடகை வாடகைதான்.

இப்போது "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கிறாளே என்று சிலர் நெளிவீர்கள். நெளியுங்கள். நான் அங்கே படிக்கும்போது ஒரு சிஸ்டர் தலைமையாசிரியை. கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு, அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வராண்டாவே காலியாகிவிடும். ஆண்டு விழாவில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்: சின்னப் பிள்ளைகள் முதலில். ஒரு வருஷம் வெளியூரிலிருந்து வந்த பெரிய சாமி, அதாவது ஃபாதர், ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சிஸ்டர் மேடை ஏறிப்போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சாமி, பிள்ளைங்க தூங்கிரும். அதுக ஆடி முடிக்கட்டும், நீங்க அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க" என்றார். சாமி சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். நான் அன்றைக்குச் சம்மனசு, அதாவது தேவதூதர் வேஷம். நெட் துணியில் இறக்கை, பின்னால் குத்திய ஊக்கு முதுகைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. ஆடிவிட்டு வந்து அம்மா மடியில் தூங்கிவிட்டேன். சாமி அதற்கப்புறம் என்ன பேசினார் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

இதற்கு டிரோன் வேண்டாம், நாலு மாடி வேண்டாம். பிள்ளைகளை முதலில் விட வேண்டும், அவ்வளவுதான்.

"பழைய கட்டடத்தை இடித்த கோபத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறாய்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இல்லை அண்ணே. இடித்தது சரிதான். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் செத்தபோது, நம்முடைய ஓட்டுக் கட்டடத்தை நினைத்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உப்புக்காற்றில் உத்திரம் அரித்துப் போயிருந்தது. இடித்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆனால் அந்தக் கட்டடம் எப்படி வந்தது என்று விழா மலரில் ஒரு வரி இருக்கிறதா? பக்கம் பக்கமாகப் பார்த்தேன். வெளிநாட்டு நன்கொடை இருக்கிறது, மறைமாவட்டம் இருக்கிறது, ஆயர்கள் படம் இருக்கிறது. சாந்து உதிர்ந்த இடத்தில் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாகத் தெரியுமே, அந்தச் சுவர்க் கல் எங்கிருந்து வந்தது? கடலில் வெட்டிய பவளப்பாறை. இன்றைக்கு அதைத் தொட்டால் வனத்துறை பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். அன்றைக்கு இந்தக் கரையில் வீட்டுக்கும் கோவிலுக்கும் அதுதான் கல், சுட்டால் அதுதான் சுண்ணாம்பு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற கோவிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வத்தை என்கிற படகில் ஏற்றி வந்து கரையில் கொட்டியதை, பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்தார்கள் என்று என் அப்பத்தா சொல்லும். வாரத்தில் ஒரு நாள் பிடிபட்ட மீனில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்கு. 1964 புயலில் தனுஷ்கோடி போனபோது, தப்பி வந்த சில குடும்பங்கள் தங்கியதும் அந்த வகுப்புகளில்தான் என்று சொல்லும். மலரில் அப்பத்தா பெயர் வேண்டாம். "கரைச் சனங்கள்" என்று இரண்டு வார்த்தை போட்டால் பக்கம் கிழிந்துவிடுமா?

சரி, அது பழைய கதை. இன்றைய கதைக்கு வருவோம்.

தமிழ் வழி அரசு உதவி பெறும் பிரிவு. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. மதியச் சாப்பாடு அரசு கொடுக்கிறது. 2024 ஜூலையிலிருந்து கிராமப்புற உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. நிர்வாகம் கொடுக்க வேண்டியது இடமும் மரியாதையும். இடம் எங்கே இருக்கிறது? கழிவறைக்குப் பின்னால், பழைய சைக்கிள் ஸ்டாண்டைத் தடுத்த பக்கம். புது ஆர்ச் போட்ட முன்வாசல் வேன்களுக்காம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கரைப் பக்கத்துச் சின்னக் கேட். "அவங்க வீடு அந்தப் பக்கம்தானே, கிட்டக்க இருக்கும்" என்று விளக்கம் வேறு. ரொம்பத்தான் அக்கறை.

இந்தப் பிள்ளைகள் எங்கேயும் சேர்த்தி இல்லை, அதையும் யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. சுயநிதியில் நடக்கிற ஆங்கில வழிப் பக்கம் போகலாமென்றால் கட்டணம். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடமாவது கிடைக்குமா என்றால், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் கரைப் பிள்ளையைச் சும்மா விடச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. நிர்வாகத்துக்கு மனசு இருந்தால்தான் உண்டு. அந்த மனசு எப்படி இருக்கிறது என்பதைத்தான் அன்றைக்கு ஒன்பதரைக்குப் பார்த்தோம்.

"ஆங்கில வழிக் கட்டணம் இல்லையென்றால் தமிழ் வழிக்குக் கரண்ட் பில்லே கட்ட முடியாது" என்கிறார்கள். இருக்கலாம். அதற்காக?

"உன் மகள் எந்த மீடியம்?" இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் இருந்தேன், வந்துவிட்டது. ஆங்கில வழிதான். என் சம்பளத்தில் கட்டுகிறேன். என் பிள்ளையைப் பேருந்து வசதி பார்த்து ராமநாதபுரத்தில் சேர்த்ததால், பாசி எடுக்கிற அக்கா பிள்ளை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தது சரியாகிவிடுமா? என்னை மடக்கியதும் அந்தப் பிள்ளைக்கு மேடை கிடைத்துவிடுமா? இந்தக் கேள்வியைக் கேட்ட இரண்டு பேரும் என்னோடு அதே தமிழ் வழியில் தரையில் உட்கார்ந்து படித்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

கடைசியாக ஒன்று. "காலம் சரியில்லை. வெளியே இருக்கிறவன் நம்மை அடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறான். நீயே எடுத்துக் கொடுக்கிறாயே." இதை மட்டும் என்னால் உதறிவிட முடியவில்லை. உண்மையும் அதுதான். இந்தப் பதிவையே வெட்டி எடுத்து, "பாருங்கள் மிஷனரி பள்ளியின் லட்சணத்தை" என்று எவனாவது போடுவான். அவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கரையில் முஸ்லிம் பிள்ளை, இந்துப் பிள்ளை, எங்கள் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் எழுத்துக் கற்றது இந்தப் பள்ளியில்தான். அதை எவன் வந்து குறை சொன்னாலும் முதலில் சண்டைக்கு நிற்பது நானாகத்தான் இருப்பேன். ஆனால் அரசமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது என்றால், அந்தச் சிறுபான்மையினர் யார்? முன்வரிசையில் பொன்னாடை வாங்கியவர்கள் மட்டுமா? பந்தல் கடைசியில் நின்றவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது இதே கோவிலில்தானே? வெளியே இருக்கிறவனுக்குப் பயந்து உள்ளே இருக்கிறவனை வாயை மூடச் சொன்னால், உள்ளே இருக்கிறவன் எங்கே போய்ப் பேசுவான்? கோவில் காரியங்களைப் பேசுகிற பங்குப் பேரவையில் பேசலாம் என்கிறீர்களா? அதில் கரைப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லுங்கள், நான் இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

பள்ளி வளர வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கமெண்டில் அப்படித் திரிக்காதீர்கள். இன்னும் நாலு மாடி கட்டுங்கள், நீச்சல் குளம் கட்டுங்கள். (கடலுக்கு நூறு அடியில் நீச்சல் குளம் எதற்கு என்று கேட்க மாட்டேன்.) தமிழ் வழிப் பிள்ளைகள் ஆறு நிமிடம் ஆடுவதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள்.

முதல் பதிவை எடுக்கச் சொல்லி போன் செய்தவர்களுக்கு: எடுக்கப் போவதில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அங்கே பிள்ளை இல்லை, இருந்தாலும் அம்மாக்களோடு நானும் போகிறேன். இரண்டே கேட்கப் போகிறோம். டிரஸ் வாடகையைப் பள்ளி திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஆட்டத்தை, நிறைவு விழா என்று இன்னொன்று வைத்திருக்கிறீர்களே, அதில் முதல் நிகழ்ச்சியாகப் போட வேண்டும். விருந்தினர் வருவதற்கு முன்னால் இல்லை, விருந்தினர் உட்கார்ந்த பிறகு. முன்னாள் மாணவர்கள் குரூப்பில் அன்றைக்குக் கைதட்டும் பொம்மை போட்ட அத்தனை பேரும் பத்து மணிக்குக் கரைப் பக்கத்துச் சின்னக் கேட்டுக்கு வாருங்கள். முன்வாசலில் நம்மை விடுவார்களா என்று தெரியாது.