ஒரு விமானம் பறந்ததற்கா இத்தனை சண்டை?

போன சனிக்கிழமை (2020 ஜனவரி 25) என் விமானப் பதிவின் கீழே நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். நேற்று ராத்திரி இன்னொருவர் வந்து அதே எண்ணை, அதே பதிவின் கீழே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சரி, எழுதியே விடுகிறேன். நீளமாக வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் எழுதியது மொத்தம் நான்கு வரி. வானிலை சரியில்லை என்று இரண்டு நாள் தள்ளிப்போன போயிங்கின் புதிய விமானம் 777எக்ஸ் அமெரிக்காவின் எவரெட்டில் ஒருவழியாக முதல் தடவை மேலே ஏறிவிட்டது, நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்த இறக்கையைப் பாருங்கள். அவ்வளவுதான். போயிங்தான் உலகத்திலேயே உசத்தி என்று எழுதவில்லை. போட்டிக் கம்பெனியான ஏர்பஸ் என்ற சொல்லே அந்தப் பதிவில் கிடையாது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள், ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.

முதல் கமெண்ட்: "346".

வேறு ஒரு வார்த்தை இல்லை. வணக்கம் இல்லை, திட்டுகூட இல்லை. வெறும் எண். 2018 அக்டோபரில் லயன் ஏர் விமானத்தில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியன் விமானத்தில் 157 பேர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். கூட்டிப் போட்டு என் பதிவின் கீழே வைத்துவிட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் எதிரணி வந்தது: "228". அது 2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸின் ஏர்பஸ் ஏ330. அப்புறம் ஆளாளுக்கு ஒரு எண். யாரோ 1988 வரை போய், பிரான்சின் ஹப்ஷைம் விமானக் காட்சியில் மரங்களுக்குள் போன ஏர்பஸ் ஏ320-ஐயும் இழுத்து வந்தார். நான் ஒரு இறக்கையைப் பாருங்கள் என்றேன். இவர்கள் சுடுகாட்டுக் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைத்தான் கேட்கிறேன். செத்துப்போனவர்கள் எப்போதிலிருந்து உங்கள் அணிக்குக் கிடைத்த மதிப்பெண் ஆனார்கள்? அந்த 346 பேரில் ஒருவருடைய பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாதவர்களின் சாவை எடுத்து எனக்குத் தெரிந்தவர் மீது எறிய எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"அப்போ தப்பு செய்தவனைக் கேள்வியே கேட்கக் கூடாதா?" என்று வருவீர்கள். கேளுங்களேன், யார் வேண்டாம் என்றது. நானே கேட்கிறேன். முப்பது வருடமாக நாங்கள், போயிங் பக்கம் சாய்ந்தவர்கள், ஒரே பெருமையைப் பேசிக்கொண்டிருந்தோம். ஏர்பஸ்ஸில் கம்ப்யூட்டர் தான் எஜமான், விமானி குச்சியைப் பிடித்துக்கொண்டு அனுமதி கேட்க வேண்டும்; எங்கள் விமானத்தில் கடைசி வார்த்தை விமானியுடையது என்று. அதே போயிங் 737 மேக்ஸில் எம்காஸ் என்று ஒரு மென்பொருளை வைத்து, அதுவும் ஒரே ஒரு சென்சார் சொன்னதை நம்பி, விமானி இழுக்க இழுக்க மூக்கைக் கீழே தள்ள விட்டது. அந்த மென்பொருளைப் பற்றி விமானிகளுக்கான கையேட்டில்கூடச் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் வெளியான உள்தகவல்களில் அவர்கள் ஊழியர் ஒருவரே, இந்த விமானத்தை வடிவமைத்தவர்கள் கோமாளிகள், அவர்களை மேற்பார்வை பார்ப்பது குரங்குகள் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. உங்களுக்கு அது மீம் போட ஒரு விஷயம். எனக்கு, சிறு வயதிலிருந்து நம்பிய ஒன்று கையில் உடைந்த மாதிரி. நான் போயிங்குக்கு முட்டுக் கொடுக்கிறேனாம்!

ஆனால் 777எக்ஸ் மேக்ஸ் அல்ல. இது வேறு விமானம். இதில் இருக்கும் ஜிஇ9எக்ஸ் எஞ்சினின் ஃபேன் விட்டம் மட்டும் 134 அங்குலம். எஞ்சின் கூட்டின் அகலம் கிட்டத்தட்ட ஒரு 737-இன் உடல் அளவு. விரித்தால் சுமார் 72 மீட்டர் வரும் இறக்கையை, தரையில் இரண்டு முனையிலும் மடக்கி 65 மீட்டருக்குள் கொண்டுவந்துவிடுகிறார்கள். விமான நிலையத்தில் பழைய 777 நிற்கிற வாசலிலேயே இதுவும் நிற்க வேண்டும், அதற்காக. இதை ஒருவர் "மடக்குக் குடை" என்றார். நல்ல கிண்டல்தான், நானும் சிரித்தேன். இப்படிக் கிண்டல் செய்யுங்கள், யார் வேண்டாம் என்றது?

அடுத்த ஆயுதம், "உங்கள் விமானம்தான் சோதனையிலேயே கிழிந்துவிட்டதே". ஆமாம், கிழிந்தது. 2019 செப்டம்பரில், தரையில் கட்டி வைத்து வளைத்த சோதனையில், 777எக்ஸின் உடல் பகுதி கிழிந்தது. ஒரு விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. இது அந்த ஒன்றரை மடங்குக்கு நூலிழை முன்னால் கிழிந்தது. 2006-ல் பிரான்சின் துலூஸில் ஏர்பஸ்ஸின் ஏ380-யின் இறக்கையை வளைத்தபோது என்ன ஆயிற்று? அதுவும் ஒன்றரை மடங்கை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் உடைந்தது. அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கணக்குப் போட்ட இடத்திலேயே உடைந்திருக்கிறது, என்ன துல்லியம் பாருங்கள்" என்றீர்கள். அதே துல்லியம் எவரெட்டில் நடந்தால் ஓட்டை டப்பா. நல்ல நியாயம்.

அந்த ஏ380 ஒருநாளும் இறக்கை உடைந்து விழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அதை நான் மதிக்கிறேன். ஹாம்பர்க்கில், அவசரமாக வெளியேறும் சோதனையில், பாதிக் கதவுகளை மட்டும் திறந்து, அரை இருட்டில், 873 பேரை 78 விநாடியில் வெளியே இறக்கிக் காட்டினார்கள். விதி கொடுத்த நேரம் 90 விநாடி. அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இதைச் சொன்னால் "நடுநிலை நாடகம்" என்பார்கள். சொல்லாவிட்டால் "சொம்பு". எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

"இதெல்லாம் ஜாலிக்குத்தானே, ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அடுத்து.

"உனக்கு விமானம் ஓட்டத் தெரியுமா?" தெரியாது. உங்களுக்கு?

அப்புறம், நாம் யாருக்காக இப்படிக் கம்பு சுற்றுகிறோம்? 2019 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் எமிரேட்ஸ் 50 ஏர்பஸ் ஏ350 வாங்கியது. அதே வாரம் அதே இடத்தில் 30 போயிங் 787 வாங்கியது. காசு போடுகிறவன் இரண்டு கடையிலும் பை நிறைய வாங்கிக்கொண்டு போகிறான். ஏர்பஸ்ஸின் ஏ320நியோ பலவற்றிலும் போயிங்கின் 737 மேக்ஸிலும் தொங்குவது லீப் எஞ்சின், சிஎஃப்எம் என்ற ஒரே கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனியே அமெரிக்காவின் ஜிஇயும் பிரான்சின் சஃப்ரானும் பாதிப் பாதி. 787-இன் இறக்கை ஜப்பானில் உருவாகிறது. அமெரிக்காவின் அலபாமாவில் ஏர்பஸ் கூட்டிச் சேர்க்கிறார்கள். மேலே அவர்கள் சம்பந்தி போல உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே நாம் சட்டையைக் கிழித்துக்கொள்கிறோம்.

இதுவரை நியாயம் பேசினேன். இனிமேல் பேச முடியுமா தெரியவில்லை.

அந்த முதல் "346" யார் போட்டது என்று பலருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட எட்டு வயது மூத்தவர். எனக்கு விமானம் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். "மூக்கைப் பார்க்காதேடா, விமானி ஜன்னலைப் பார். பக்க ஜன்னலின் அடிக்கோடு வி மாதிரி இறங்கினால் போயிங். கடைசி ஜன்னலின் மேல் மூலையை வெட்டினாற்போல இருந்தால் ஏர்பஸ்." இன்றைக்கும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. (787-உம் ஏ350-உம் வந்து அந்தப் பாடத்தைக் கெடுத்துவிட்டன என்று அவருக்கு இரண்டு கம்பெனி மீதும் வருத்தம் உண்டு.)

2005 ஏப்ரல் 27, ஏ380 முதல் தடவை துலூஸில் ஏறிய நாள். மெதுவான இணையத்தில், ஐந்து விநாடி ஓடி பத்து விநாடி நிற்கிற படத்தை இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து பார்த்தோம். நான்கு எஞ்சின், இரண்டு மாடி, அவ்வளவு பெரிய உடம்பு, தரையை விட்டது. திரும்பிப் பார்த்தால் அண்ணன் அழுதுகொண்டிருக்கிறார். நான் சிரித்தேன். "அண்ணே, ஒரு பிளேனுக்குப் போய் அழுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

பதினைந்து வருடம் கழித்து நான் அழுதேன். அவர் எண் போட்டார்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2019 பிப்ரவரியில் ஏ380 தயாரிப்பை நிறுத்தப்போகிறோம் என்று ஏர்பஸ் அறிவித்த அன்று, அவருக்கு நான் ஒரு செய்தி அனுப்பினேன். "வெள்ளை யானைக்கு அஞ்சலி. மாலையை எந்த முகவரிக்கு அனுப்பணும் அண்ணே?" அவர் நான்கு நாள் பதில் போடவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கட்டைவிரல். நாங்கள் எப்போதும் இப்படித்தான் பேசிக்கொள்வோம், அவர் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் 10-ஆம் தேதி எத்தியோப்பியன் விமானம் விழுந்தபோது முதலில் போன் செய்தவர் அவர்தான். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். அன்றைக்குச் சொல்லாததை, பத்து மாதம் கழித்து, நான் சந்தோஷமாக இருந்த ஒரே ஒரு நாளில் ஏன் அண்ணே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இரண்டு பக்க எண்களையும் நீக்கிவிட்டேன்" என்று அன்றைக்கு எழுதியிருந்தேன். உண்மைதான். ஆனால் 346-ஐ உடனே நீக்கினேன். 228 ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லலாம். பார்த்தேன். அதற்கு விழுந்த லைக்குகளையும் எண்ணினேன்.

நாம் இவ்வளவு கத்தினாலும் அந்தக் கம்பெனிகளுக்குக் காது கேட்கப் போவதில்லை. 2019-ல் ஏர்பஸ் 863 விமானம் கொடுத்தது, போயிங் 380. சரி, ஜெயித்தீர்கள். மேக்ஸ் தரையில் நிற்கும்போது ஜெயித்தது, ஆனாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான். கொண்டாடுங்கள். வெள்ளிக்கிழமை என்ன செய்தி வந்தது என்று மட்டும் யாரும் வாய் திறக்கக் காணோம். லஞ்ச வழக்கில் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாடுகளுக்கும் சேர்த்து 360 கோடி யூரோ கட்ட ஏர்பஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்ததும் அண்ணன் பக்கத்துக்குப் போய் "360 கோடி" என்று, அவர் போட்ட மாதிரியே, வெறும் எண்ணாகப் போட விரல் துடித்தது. தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், அழித்தேன். கடைசியில் இங்கே எழுதிவிட்டேன் பாருங்கள். என்னையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், லைக் போட மாட்டீர்கள் என்றும் தெரியும். அந்த வீடியோவை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சக்கரம் தரையை விடுகிற நேரத்தில் உங்கள் மடக்குக் குடை மெல்ல மேல்நோக்கி வளைகிறது, அந்த இடத்தை மட்டும். அதைப் பார்த்து அழுதவனைப் பார்த்துச் சிரியுங்கள். 2005-க்கு அது சரியாகிவிடும். மாலையை எங்கே அனுப்பணும் என்று கேட்டதற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பி.கு.: ஏ350-யின் இறக்கையைவிட இது அழகுதான். இதற்காக யாரும் கமெண்டில் வர வேண்டாம்.