ஆர்ஓ கழிவுக் குழாயை அடைக்க வேண்டாம்

மீன் தொட்டிக்கு ஆர்ஓ (தண்ணீரிலுள்ள உப்பைப் பிரிக்கும் சுத்திகரிப்புக் கருவி) வைத்திருப்பவர்கள் கழிவுக் குழாயை அடைத்துவிட்டால் ஒரு சொட்டும் வீணாகாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். 2024 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்த பெங்களூரில் தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைப்பது நியாயம்தான், ஆனால் இது வழியல்ல.

ஆர்ஓவுக்குள் இருக்கும் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) உப்பை அழிப்பதில்லை, ஒதுக்குகிறது. ஒதுக்கிய உப்பை வெளியே கொண்டுபோவதே அந்தக் கழிவு நீர்தான். 500 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) உள்ள போர்வெல் தண்ணீரில் 1 லிட்டர் நல்ல நீருக்கு 3 லிட்டர் வெளியேறினால் கழிவின் டிடிஎஸ் சுமார் 650. கழிவை 1 லிட்டராகக் குறைத்தால் 1000-ஐ நெருங்கிவிடும். முழுக்க அடைத்தால் சுண்ணாம்பு மெம்பிரேனிலேயே படியும், சுத்தமான நீரின் தரமும் கெடும்.

கழிவைக் குறைக்க வேண்டுமா? முதலில் உங்கள் மீனுக்கு ஆர்ஓ தேவையா என்று பாருங்கள். கப்பி, மோலி எல்லாம் கடினமான தண்ணீரிலேயே நன்றாக வளரும். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் பெரும்பாலும் குளோரினை நீக்கினாலே போதும். டிடிஎஸ் 250 வேண்டுமென்றால் அந்த 500 டிடிஎஸ் போர்வெல் நீரையே பாதிக்குப் பாதி ஆர்ஓ நீருடன் கலக்கலாம், கழிவும் பாதியாகும்.

கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம், கழிவறைக்கு ஊற்றலாம். பூந்தொட்டிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு சேரும். செடிக்கு ஏற்றது, மீன் தொட்டியில் மாற்றி எடுக்கும் பழைய நீர். உப்போ மருந்தோ போடாத நன்னீர்த் தொட்டி என்றால் அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு நல்ல உரம்.