இலவச வைபையில் வட்ஸ்அப்பை வாசிப்பார்களா?

"பஸ் நிலையத்து இலவச வைபையில் இணைந்தால் உங்கள் வட்ஸ்அப் முழுக்க அதை நடத்துபவருக்குத் தெரியும், இலவச வைபையால் மொபைல் டேட்டா விற்கும் கம்பனிகளும் மூடப்படும்" என்றொரு தகவல் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குழுக்களில் சுற்றுகிறது. அது தவறு.

2016 முதல் வட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவர், பெறுபவர் கையில் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. அரட்டையில் பெயரைத் தட்டி, மறையாக்கம் என்ற பகுதியில் நீங்களே பார்க்கலாம். எந்தத் தளத்துக்கு, எப்போது போனீர்கள் என்பது வைபை நடத்துபவருக்குத் தெரியலாம். அதுவும் சின்ன விஷயம் இல்லைதான். வைபையில் இணையும்போது அடையாள அட்டை இலக்கம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கம்பனி மூடும் கதையா? வைபை போட வந்தவரே பின்வாங்கியதும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் கூகுளோடு சேர்ந்து நகர வைபை போட வந்த எர்த்லிங்க் என்ற இணையக் கம்பனி, செலவு கட்டுப்படியாகாமல் 2007இல் தானே விலகியது.

சரி, இந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.